சாஸ் பாட்டில் செருகிய உறை

அன்று சரளைக் குழியில் இருந்தவர்கள்: லோர்னா ஹாகன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள், குதிரை மேலே உருண்டதில் உடைந்த வலது தோள் இன்னும் சரியாகச் சேராதவள். அவளுடைய தம்பி மெர்ல், மலைக்குடிலின் சாவி வைத்திருப்பவன். மெர்லின் மனைவி ஜோலீன், மடக்கு நாற்காலியில், கையில் சிவப்புத் துணி. பக்கத்துப் பண்ணை கர்ட் பிராட்டன், நாலு சக்கர பைக்கின் மேல். மெர்லின் நாய். கடைசியாக ஒரு கரடி.

கரடி பிளைவுட்டில் வெட்டியது. அப்பா உயிரோடு இருந்தபோது பெயின்ட் அடித்தது. நெஞ்சில் சாப்பாட்டுத் தட்டளவு வெள்ளை வட்டம். குழந்தைகள் பனியில் சறுக்கும் பிளாஸ்டிக் பலகையில் நிமிர்த்தி ஆணி அடித்திருந்தார்கள். பலகையில் கட்டிய கயிறு ஒரு கப்பி வழியாகச் சுடுபவருக்குப் பின்னால் போய் பைக்கில் முடியும். பைக் கிளம்பினால் கரடி சரளையில் தடதடவென்று சுடுபவரை நோக்கி வரும். காலடிக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு. கரடி கோட்டைத் தாண்டுமுன் உறையிலிருந்து துப்பாக்கியை உருவி வட்டத்தில் ஓட்டை போட வேண்டும். போட்டவர்களுக்கு மலைக்குடிலில் கட்டில் உண்டு. போடாதவர்கள் வீட்டில் இருந்து மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டியதுதான்.

இது அப்பா வைத்த விதி. ஒரு வருஷம் எல்க் மான் வேட்டைக்கு வந்த விருந்தாளி ஒருவரைக் கரடி அடித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார், முகம் பிழைக்கவில்லை. துப்பாக்கி கடைசிவரை அவர் இடுப்பில்தான் இருந்தது. உறையின் பட்டன் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா யாரையும் சும்மா மலைக்குக் கூட்டிப்போகவில்லை. மிளகாய் ஸ்ப்ரே எல்லார் இடுப்பிலும் உண்டு. ஆனால் எதிர்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் அழப்போவது கரடி இல்லை என்பார்.

போன வருஷம் லோர்னா தோற்றாள். வலது தோளில் கை இடுப்புக்கு மேல் ஏறாது. இடது கையால் சுடப் பழகிக்கொண்டாள், நன்றாகவே சுட்டாள். ஆனால் கடையில் கிடைத்த மார்பு உறைகள் எல்லாம் வலது கைக்காரர்களுக்கானவை. ஒன்றை வாங்கி வாரை மாற்றிக் கட்டிப் பார்த்தாள். பட்டன் அக்குள் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கிடைத்த இரண்டு வாய்ப்பிலும், கரடி கோட்டைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு மெர்ல் அவள் முதுகில் தட்டிச் சொன்னான்:

"விடு லோர்னா. அடுத்த வருஷம் பாப்போம். அப்பவும் ஆகலைன்னா கட்டிலைக் கர்ட்டுக்குக் குடுத்திடலாம். அவன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான்."

பன்னிரண்டு வயதிலிருந்து அவள் படுத்த கட்டில் அது. அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே. ஒரு தடவை கைமாறினால் திரும்பி வராது. மொன்டானாவில் நிலத்தை விற்றவன்கூட வேட்டைக்கட்டிலை விட்டுக்கொடுக்க மாட்டான் என்பது கர்ட்டுக்கும் தெரியும், மெர்லுக்கும் தெரியும்.

இப்போது அந்த அடுத்த வருஷம் வந்துவிட்டது.

தோல் வேலையை லோர்னா கரடிக்காக ஆரம்பிக்கவில்லை. வலது கை விரல்கள் செத்துப்போகாமல் இருக்க மடியில் வைத்து ஏதாவது நுணுக்கமான வேலை செய் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். ஸ்வெட்டர் பின்னச் சொன்னாள். லோர்னாவுக்குப் பின்னல் ஊசியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கொட்டகையில் கிழிந்த சேணம் ஒன்று கிடந்தது. அதைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். கை மடி உயரத்திலேயே இருந்தால் போதும், தோள் அசைய வேண்டியதில்லை. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் இழுக்கும் தையல். தோலை முழங்கால்களுக்கு நடுவே மரக் கவ்வியில் மாட்டிக்கொண்டாள். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் பஸ் டிரைவருக்கு ஒரு வேலையும் கிடையாது. சாவிக்கொத்துக்கு வார் செய்தாள். கத்திக்கு உறை செய்தாள். அதற்குப் பிறகுதான் அப்பாவின் ரிவால்வரை எடுத்து மேஜைமேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

முதல் உறை கூத்தாகத்தான் முடிந்தது. மாதிரித் தாள்கள் எல்லாம் வலது கைக்கு வரைந்தவை. அவளுக்கு இடது கைக்கு வேண்டும். தாளைக் கவிழ்த்துப் போட்டால் சரியாகிவிடும். கவிழ்த்தாள். ஆனால் தோலின் வழவழப்பான பக்கத்தில் கோடு போட்டால் தழும்பு விழும் என்று சொரசொரப்பான பக்கத்தில் வைத்து வரைந்தாள். அங்கே தானாகவே இன்னொரு கவிழ்ப்பு விழுந்துவிட்டது. இந்த வேலையில் இறங்குகிற எல்லாரும் ஒரு தடவையாவது இதில் விழுவார்கள். வலது கைக்காரர்கள் விழுந்தால் இடது கை உறை வரும். லோர்னா இரண்டு தடவை கவிழ்த்து, வெட்டி, தைத்து, வெந்நீரில் ஊறவைத்து, துப்பாக்கியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே திணித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து வடிவம் எடுத்து, காயவைத்து, எண்ணெய் பூசி, மார்பில் மாட்டிக் கண்ணாடி முன் நின்ற பிறகுதான் பார்த்தாள். துப்பாக்கியின் கைப்பிடி வேலைக்காகாத கையின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அதை மெர்ல் பார்த்ததுதான் தப்பு. கோடையில் அவன் வீட்டில் மாட்டிறைச்சி வாட்டிய அன்று ஊரே இருந்தது. மெர்ல் அந்த உறையை எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

"இங்க பாருங்கப்பா. இடது கைக்காரி தனக்குன்னு செஞ்ச வலது கை உறை. நாலு மாசம் உக்காந்து செஞ்சிருக்கா."

பிறகு மேஜையிலிருந்த தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்து அதில் செருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதுக்குத்தான் அளவெடுத்துத் தச்சிருக்கா. சாஸ் வேணுங்கிறவங்க வரிசையா வாங்க, உருவி ஊத்துறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள், வேறென்ன செய்வது. ஆனால் உறையை வீட்டுக்கு எடுத்துப்போகும்போது பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. அப்படியே பிக்கப் வண்டியின் முன்சீட்டுக்குப் பின்னால் மாட்டிவைத்தாள். வண்டியில் ஏறும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று.

இரண்டாவது உறையை ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்தாள். அப்பளம் மாதிரி ஆகி மடித்த இடத்தில் வெடித்தது. குப்பைக்குப் போனது. மூன்றாவது, பார்க்க நன்றாக வந்தது. ஆனால் துப்பாக்கியை உருவினால் உறையும் கூடவே எழுந்து முகத்துக்கு வந்தது. மற்றவர்கள் இன்னொரு கையால் உறையைக் கீழே பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்தக் கை அவ்வளவு தூரம் ஏறாது. அந்த உறையை ஒரு வாரம் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். பாத்திரம் கழுவும்போதும் காலித் துப்பாக்கியை உருவினாள், செருகினாள். தப்பு எங்கே என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. விசையைச் சுற்றிய வளையத்தில் தோலை ரொம்ப ஆழமாக அழுத்தியிருந்தாள். தோல் துப்பாக்கியைக் கவ்வவில்லை, கடித்துக்கொண்டிருந்தது.

நான்காவது உறையில் அந்த இடத்தைத் தளர்த்தினாள். உறையின் நுனியிலிருந்து இடுப்பு பெல்ட்டுக்கு ஒரு வார் ஓட்டினாள், மேலே எழும்பாமல் அது இழுத்துப் பிடிக்கும். வாய்ப் பக்கம் இன்னொரு அடுக்குத் தோல் வைத்துத் தைத்தாள். வாய் தளர்ந்து உள்ளே மடிந்தால், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது மடிப்பு விசையில் மாட்டும். அப்புறம் ஓட்டை விழுவது கரடியில் இல்லை. கடைசியாகப் பட்டன் வார். கட்டைவிரல் தள்ளுகிற இடத்தில் தோல் துவளாமல் இருக்க, பழைய ரம்பத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தகடு வெட்டி உள்ளே வைத்துத் தைத்தாள். கைப்பிடியை இடது கை பிடிக்கும்போதே கட்டைவிரல் தகட்டைத் தள்ளும், டிச் பட்டன் 'டப்' என்று விடும், துப்பாக்கி கையில் இருக்கும். எல்லாம் ஒரே அசைவு.

தாளைக் கவிழ்த்தோமா இல்லையா என்று இந்தத் தடவை தோலை வெட்டுமுன் காகிதத்திலேயே உறை செய்து மாட்டிப் பார்த்துவிட்டாள்.

சரளைக் குழியில் காற்று இல்லை. ஜோலீன் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, இறைச்சி வில்லைகளை மூடிவைத்திருந்தாள். சோதனை முடிந்ததும் சாப்பாடு, அதுவும் வழக்கம்தான். மெர்ல் மல்லாந்து படுத்து பலகைக்கு அடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். முதுகெல்லாம் சரளை, மார்பெல்லாம் தூசி. மார்பில் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் உறை கறுப்பாகப் பளபளத்தது. எழுந்து தட்டிக்கொண்டான்.

"லோர்னா, இதைப் பாத்தியா? தையலே கிடையாது. ஒரு பொத்தான். அமுக்கினா வரும், அமுக்காட்டி யானை இழுத்தாலும் வராது."

"நல்லா இருக்கு," என்றாள் லோர்னா.

"உனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொன்னேனே. சும்மா ஊசியும் நூலும் வெச்சுக்கிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கிற."

"நீ முதல்ல சுடுடா."

குடில் சாவி யாரிடமோ அவர்தான் முதலில். அதுவும் அப்பா வைத்ததுதான். மெர்ல் கோட்டுக்குப் பின்னால் நின்றான். ஜோலீன் சிவப்புத் துணியை இறக்கினாள். பைக் உறுமியது. கரடி கிளம்பியது.

மெர்ல் கை வைத்தான், அமுக்கினான், இழுத்தான். வரவில்லை. திரும்ப அமுக்கினான். பொத்தானுக்கு அடியில் சின்னக் கல் ஒன்று போய் உட்கார்ந்திருந்தது, பலகைக்கு அடியில் படுத்தபோது புகுந்தது. மெர்ல் இரண்டு கையாலும் இழுத்தான், யானை மாதிரியே இழுத்தான். பின்னால் நடப்பது கர்ட்டுக்குத் தெரியாது, அவன் போய்க்கொண்டே இருந்தான். கரடி கோட்டைத் தாண்டி, மெர்லின் முழங்காலில் மோதி, அவனைத் தன்மேல் உட்காரவைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றது. நாய் எழுந்து குரைத்தது.

"செத்துட்ட," என்றாள் ஜோலீன். "நல்ல மனுஷன். சாமானை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாது, மத்தபடி நல்ல மனுஷன்."

"கல்லு மாட்டிக்கிச்சுடி."

"கரடிகிட்ட சொல்லு."

அடுத்தது லோர்னா. பழைய மேலங்கியைக் கழற்றி வைத்தாள். அதற்குக் கீழே உறை. யாரும் அதை இதுவரை பார்த்ததில்லை. சாயம் பூசவில்லை, எண்ணெய் மட்டும். தேன் நிறத்தில் இருந்தது. மெர்ல் நொண்டியபடி வந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து மூடிக்கொண்டான்.

லோர்னா கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். தைத்ததெல்லாம் சரி. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் இந்த ஒரு நாளில் இருக்கிறது. தோற்றால் அதற்குக் கீழே கர்ட் குறட்டை விடுவான். கர்ட் அவளைப் பார்க்காமல் பைக்கின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துணி இறங்கியது.

கரடி வந்த வேகம் வேறு. அவளுக்கு அது சத்தத்திலேயே தெரிந்தது. சரளை தடதடக்கவில்லை, சீறியது. யோசிக்க இடமில்லை. கை தானாகப் போனது. கட்டைவிரல் தகட்டைத் தொட்டது, டப். கீழ் வார் இறுகி உறையைப் பிடித்துக்கொண்டது. துப்பாக்கி வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வெளியே வந்தது. சுட்டாள். திரும்பவும் சுட்டாள். கரடி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் இருக்கும்போது மூன்றாவதும் போனது. பிறகு ஒதுங்கி நின்றாள். பிளைவுட் அவளைத் தாண்டிப் போய்க் கவிழ்ந்தது.

ஜோலீன் போய்த் திருப்பிப் பார்த்தாள். வட்டத்துக்குள் இரண்டு ஓட்டை. மூன்றாவது மூக்கில்.

"மூக்குல எதுக்குடி போட்ட?"

"அது கூடுதலா."

லோர்னா துப்பாக்கியிலிருந்த மீதித் தோட்டாக்களைக் கொட்டினாள். ஒற்றைக் கையால், கீழே பார்க்காமல், உறைக்குள் செருகினாள். உறையின் வாய் மடியாமல் திறந்தே இருந்தது. பட்டனை அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"கர்ட். மூணாவது கியர்ல போட்டியா?"

கர்ட் காதைச் சொறிந்தான். "கை தவறிடுச்சு லோர்னா."

"மெர்லுக்கு ரெண்டாவதுல தவறாம இருந்துச்சே."

"நல்ல கட்டில் அது," என்றான் கர்ட். அவன் பொய்க்காரன் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "அந்த ஜன்னல்... சரி விடு. நியாயமா ஜெயிச்சுட்ட. நாலாவதுல போட்டிருந்தாலும் ஜெயிச்சிருப்ப."

ஆனால் அவன் பார்வை மெல்ல மெர்ல் பக்கம் திரும்பியது. அங்கேயும் ஒரு கட்டில் இருக்கிறதே.

விதிப்படி எல்லாருக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு, பொழுது சாய்வதற்குள். மெர்ல் பிக்கப்பின் பின்கதவில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரால் பொத்தானை நோண்டினான். ஊதினான். தண்ணீர் ஊற்றினான். கடைசியில் நெம்பினான். துப்பாக்கி வெளியே வந்தது, பொத்தானும் அதன் ஸ்பிரிங்கும் கூடவே வந்து சரளையில் விழுந்தன. நாய் ஸ்பிரிங்கை முகர்ந்து பார்த்தது.

"இப்ப யானை இழுக்காமயே வரும்," என்றாள் ஜோலீன்.

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"கையில பிடிச்சுக்கிட்டே சுடேன்."

"உறையிலேர்ந்து உருவணும். அதான் விதி," என்றான் கர்ட், கொஞ்சம் அவசரமாக.

மெர்ல் கையிலிருந்த ரிவால்வரைப் பார்த்தான். அப்பா ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஜோடியில் ஒன்று. இன்னொன்று லோர்னாவின் மார்பில் இருந்தது. ஓர் இழைகூட வித்தியாசம் கிடையாது. அந்த யோசனை அவன் தலைக்குள் நுழைவதை லோர்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பார்வை அவள் உறைக்குப் போனது. அது இடது கைக்கு. பிறகு மெதுவாக, வேண்டாவெறுப்பாக, அவளுடைய பிக்கப்பின் முன்சீட்டுக்குப் போனது.

கரி படபடத்தது.

"லோர்னா."

"என்னடா?"

"அந்தப் பழைய உறை... வண்டியிலதான இருக்கு?"

"இருக்கு. சாஸ் இருக்கு அதுல."

"அதைக் கொஞ்சம்..."

"எதைக் கொஞ்சம்? சாஸையா?"

ஜோலீன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இதற்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்பதுபோல் இருந்தது அவள் முகம்.

"உறையைக் குடு," என்றான் மெர்ல்.

"குடுக்கலாம். சாவியக் குடு."

"எந்தச் சாவி?"

"குடில் சாவி."

மெர்ல் சிரிக்கப் பார்த்தான். "அது அப்பா எனக்குக் குடுத்தது."

"அப்பா யாருக்கும் குடுக்கலடா. அவரைப் புதைச்சுட்டு வந்து எல்லாரும் கேக் தின்னுக்கிட்டு இருக்கும்போது நீ ஆணியிலேர்ந்து எடுத்துப் பையில போட்டுக்கிட்ட. நான் பாத்தேன். பெரியவ நான்தான். அப்ப தோள் நல்லாத்தான் இருந்துச்சு. சண்டை வேணாமேன்னு சும்மா இருந்தேன்."

"ஒரு உறைக்கு இது அநியாயம்."

"அப்ப வேணாம். வைக்கோல் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல? போன வருஷம் நான் போட்டேன். சிவப்புக் கிடாரி முட்டும், பாத்துப் போடு."

மெர்ல் கர்ட்டைப் பார்த்தான். கர்ட் வானத்தைப் பார்த்தான். சூரியன் குழியின் விளிம்பைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மெர்ல் சட்டைப்பைக்குள் கைவிட்டு, சாவியை எடுத்து, அவள் கையில் வைக்காமல் பின்கதவின் தகரத்தில் வைத்தான். லோர்னா அதைத் தொடவில்லை. அவனே எடுத்து அவள் கையில் வைக்கும்வரை நின்றாள்.

"பாட்டிலை நீயே எடுத்துக்கோ," என்றாள்.

அவன் சாஸ் பாட்டிலை உருவினான். மூடி கசிந்து உறையின் உள்ளே ஓரத்தில் காய்ந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தான். வாரை மாட்டிக்கொண்டான். அது அவளுடைய அளவு, அவன் தொப்பைக்கு மேலே கொஞ்சம் ஏறி நின்றது. தையல் ஓர் இடத்தில் கோணல். ஆனால் துப்பாக்கி உள்ளே போனபோது கதவு நிலையில் பொருந்துகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. மெர்ல் நின்றுவிட்டான். உருவினான், செருகினான். திரும்பவும் உருவினான்.

"இது நீ முதன்முதல்ல செஞ்சதா?"

"தப்பா செஞ்சது."

மெர்ல் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான். கர்ட் தன்னால் முடிந்ததைச் செய்தான். அந்தத் தடவை பைக் எந்தக் கியரில் போனதென்று யாரும் கேட்கவில்லை. கரடி கோட்டைத் தொடுமுன் வட்டத்தில் மூன்றாவது ஓட்டை விழுந்தது. மெர்லின் சட்டையில் சாஸ் நிறத்தில் ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான் காயம்.

இறைச்சிக்கு எல்லாரும் சாஸ் ஊற்றிக்கொண்டார்கள். மெர்ல் மட்டும் கடுகு போதும் என்றான்.

வேட்டை தொடங்கிய விடியலில் குடிலில் முதலில் எழுந்தது லோர்னா. ஜன்னலுக்கு வெளியே முகட்டின்மேல் புதுப்பனி வெளுத்திருந்தது. கண்ணாடியில் அவளுடைய மூச்சு பட்டு மறைந்தது. காபி போட்டாள். உறையை மார்பில் மாட்டினாள். தேன் நிறம் இப்போதே கொஞ்சம் கருத்திருந்தது, கட்டைவிரல் படுகிற இடத்தில் பளபளப்பு ஏறியிருந்தது. இடது தோளில் ரைஃபிள்.

யார் எங்கே போவது என்று சொல்வது சாவி வைத்திருப்பவரின் வேலை.

"நீ கீழே ஓடையோரமா போ," என்றாள். "நான் முகட்டுக்குப் போறேன்."

மெர்ல் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தான். முகடுதான் நல்ல இடம். மூன்று வருஷமாக அவன்தான் போய்க்கொண்டிருந்தான்.

"ஓடையில புதர் ஜாஸ்தி."

"கரடியும் ஜாஸ்தி. நல்ல உறை போட்டிருக்க, என்ன பயம்?"

அவன் வாய்க்குள் ஏதோ முனகினான். பிறகு வாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டான்: "ஊருக்குப் போனதும் இதை என் அளவுக்குப் பிரிச்சுத் தச்சுத் தருவியா?"

"ஊசி தர்றேன். நீயே தச்சுக்கோ. தாளை எப்படிக் கவுக்கணும்னு மட்டும் சொல்லித் தர்றேன்."

குடிலில் யாரும் இல்லாதபோது கதவு திறந்து கிடந்தால் கரடி வந்து மாவு மூட்டை வரைக்கும் தின்றுவிட்டுப் போகும். அதனால் சாவிக்காரர்தான் கடைசியில் வெளியே வருவது. இத்தனை வருஷம் லோர்னா வாசலில் குளிரில் நின்றுகொண்டிருப்பாள், உள்ளே மெர்ல் கையுறையைத் தேடிக்கொண்டிருப்பான்.

"கையுறை எங்க வெச்சேன்னு..."

"கட்டிலுக்கு அடியில. எடுத்துக்கிட்டுக் கிளம்புடா. விடிஞ்சிருச்சு."

அவன் எடுத்துக்கொண்டு வந்தான், படியிறங்கிப் பனியில் கால் வைத்தான். அவன் பின்னாலேயே அவள் வெளியே வந்தாள், கதவைத் தோளால் அல்ல, இடுப்பால் தள்ளிச் சாத்தினாள், சாவியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.